மூடுபனி புகும் குழாய்கள்

மருத்துவமனையின் காற்றோட்ட அமைப்பில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகிவிட்டதாகத் தெரியவந்தால், தூசியின் மீதும் அதைத் துடைக்கத் தவறிய பணியாளர் மீதும் பழி விழுவது வழக்கம். தூசிக்கு இதில் பங்கு இல்லாமல் இல்லை. நுண்ணுயிர்களை ஏற்றிவருவதும் பின்னர் அவற்றுக்கு உணவாவதும் அதுவே. ஆயினும் உலர்ந்த தூசியில் பூஞ்சையின் வித்துகள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்குமே தவிர முளைப்பதில்லை. அவை முளைத்து, இழைவிட்டு, புதிய வித்துகளைக் காற்றில் உதிர்ப்பதற்கு ஈரம் வேண்டும். காற்றைப் பற்றியதாகத் தோன்றும் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியது என்பதைச் சமவெளியைவிட மலையில் தெளிவாகக் காணலாம். சேலத்துக்கு மேலே, சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏர்க்காடு அதற்கு ஏற்ற இடம்.

ஏர்க்காட்டின் தட்பவெப்பத்தைச் சுற்றுலாக் கையேடுகள் ‘இதமானது’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும். காற்றோட்டத்தை வடிவமைப்பவருக்கு அது போதாது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது காற்றின் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறைவதால், இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே உள்ள இவ்வூர் சேலம் நகரத்தைவிட எட்டு டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்த காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு குறைவு என்பதால், சமவெளியில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவி சரிவில் ஏறிக் குளிர்ந்ததும் நுண்துளிகளாகத் திரண்டு மூடுபனியாகிறது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு அதில் உண்மையில் இருக்கிறது என்பதே ஒப்பீட்டு ஈரப்பதம். மூடுபனிக்குள் அது நூறு விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். அந்த ஈரக் காற்று வந்துசேரும் சுற்றுப்புறமோ பூஞ்சைக்கு உகந்தது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் வளரும் காப்பித் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் இலைச்சருகு படிந்து மக்கிக்கொண்டிருக்கிறது. மக்கும் இலையே ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் இயற்கையான இருப்பிடம். காடு தன் மண்ணைப் புதுப்பித்துக்கொள்வதற்கு அந்தப் பூஞ்சை இன்றியமையாதது. புற்றுநோய் மருந்துகளால் வெள்ளணுக்கள் குறைந்துபோன ஒருவரின் நுரையீரலுக்குள் அது புகும்போதோ உயிருக்கு ஆபத்தாகிறது.

ஒரு துகள் காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பதை அதன் பருமனே தீர்மானிக்கிறது. நூறு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள எச்சில் துளி சில நொடிகளில் தரையில் விழுந்துவிடும். மூன்று மைக்ரான் அளவுள்ள ஆஸ்பர்ஜில்லஸ் வித்து, அசைவற்ற காற்றில்கூட, ஆள் உயரத்திலிருந்து தரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மருத்துவமனையில் காற்று ஒருபோதும் அசைவற்று இருப்பதில்லை என்பதால் அது விழாமலே சுற்றிக்கொண்டிருக்கும். இருமலில் தெறிக்கும் துளிகளிலும் சிறியவை, விழுவதற்கு முன்பே நீர் ஆவியாகி, உப்பும் புரதமும் கிருமியும் மட்டும் எஞ்சிய உலர்ந்த உட்கருக்களாக மிதக்கின்றன என்பதை 1934-ஆம் ஆண்டில் அமெரிக்கரான வில்லியம் வெல்ஸ் விளக்கினார். 1950-களின் பிற்பகுதியில் அவரும் ரிச்சர்ட் ரைலியும் பால்டிமோர் நகரின் ஒரு மருத்துவமனையில் அதற்குச் சோதனைவழிச் சான்று தேடினர். காசநோயாளிகள் இருந்த வார்டிலிருந்து வெளியேறும் காற்று முழுவதையும் ஒரு குழாய்வழியே மேல்தளத்துக்குக் கொண்டுசென்று, கினி எலிகள் அடைக்கப்பட்ட அறையினுள் செலுத்தினார்கள். நோயாளிகளை ஒருபோதும் நெருங்காத அந்த எலிகளுக்குக் காசநோய் தொற்றியது. குழாயில் வந்த காற்றைப் புறஊதாக் கதிர்களுக்கு உட்படுத்திய பின் சுவாசித்த எலிகளுக்குத் தொற்றவில்லை. நோயைச் சுமந்து செல்லும் பாதையாகக் காற்றுக்குழாய் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்றைக் கேட்க முடியாது.

மலைக்காற்றே மருந்து என்ற நம்பிக்கை இதற்கு முந்தியது. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில், திறந்த ஜன்னலும் ஓய்வும் சத்துணவுமே சிகிச்சையாக இருந்தன. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் இத்தகைய சானடோரியம் ஒன்றை நடத்திவந்த தமிழ் மருத்துவர் சவுரி முத்து, 1928-இல் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார்; ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்றும் நிலைத்திருக்கிறது. 1917-இல் அவருடைய மெண்டிப் சானடோரியத்தில் சில காலம் தங்கியவர்களுள் கணிதமேதை இராமானுஜனும் ஒருவர். இந்த நம்பிக்கைக்கு முடிவு கட்டியதும் தமிழ்நாடுதான். 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை நெரிசலான அவரவர் வீடுகளிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. குணமடைந்தோரின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 1959-இல் வெளியான முடிவு, உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு வழிவகுத்தது. நோயைக் குணப்படுத்துவது மருந்தே என்பதை அந்த ஆய்வு நிறுவியது. மருத்துவமனைக்கு ஜன்னல் வேண்டாம் என்று அது சொல்லவில்லை. ஆனால் சானடோரியத்தோடு சேர்த்து அதன் உயர்ந்த கூரையையும் எதிரெதிர் ஜன்னல்களையும் கட்டடக் கலைஞர்கள் மறந்துபோனார்கள் என்பது, இருபதாம் நூற்றாண்டு மருத்துவக் கட்டடங்களின் வரலாற்றில் பெரிய இழப்பு.

அந்த இழப்பின் அளவு பின்னர் கணக்கிடப்பட்டது. ஓர் அறையின் கொள்ளளவுக்குச் சமமான காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை புதிதாக உள்ளே வருகிறது என்பதைக் காற்று மாற்ற வீதம் என்பார்கள். மணிக்கு 12 மாற்றங்கள் நிகழும் அறையில், மிதக்கும் கிருமிகளில் 99 விழுக்காடு 23 நிமிடங்களில் வெளியேறிவிடும். மணிக்கு இரண்டே மாற்றங்கள் என்றால் அதற்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளின் 70 அறைகளை அளந்து 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 1950-க்கு முன் கட்டப்பட்ட உயர்கூரை வார்டுகள் ஜன்னல்கள் திறந்த நிலையில் மணிக்கு 40 மாற்றங்களையும், பிற்காலத்தவை 17 மாற்றங்களையும் காட்டின; ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட இயந்திரக் காற்றோட்ட அறைகளுக்குரிய அளவோ 12. இதையடுத்து 2009-இல் உலக சுகாதார நிறுவனம், இயற்கைக் காற்றோட்டமுள்ள பொது வார்டில் ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர், அதாவது மணிக்கு 216 கன மீட்டர் காற்று வேண்டும் என்று வரையறுத்தது.

ஏர்க்காட்டில் இந்த அளவை எட்டுவது எளிது, அதுவும் இரவில் மிக எளிது. உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்று எடை குறைந்தது என்பதால் மேலே எழுந்து உயரத்திலுள்ள திறப்பின் வழியே வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் கீழ்த் திறப்பின் வழியே குளிர்காற்று நுழைகிறது. இந்த உந்துவிசை இரண்டு திறப்புகளுக்கும் இடையேயான உயரத்தையும், உள்ளும் புறமும் நிலவும் வெப்பநிலை வேறுபாட்டையும் பொறுத்தது. வெளியே 14 டிகிரியும் உள்ளே 22 டிகிரியும் இருக்கும் ஒரு மார்கழி இரவில், அரை சதுர மீட்டர் பரப்புள்ள இரு திறப்புகள் ஒன்றுக்கொன்று மூன்று மீட்டர் உயர வேறுபாட்டில் இருந்தால், விசிறியோ மின்சாரமோ இல்லாமல் மணிக்கு ஏறத்தாழ 950 கன மீட்டர் காற்று அறையைக் கடந்து செல்லும். நான்கு நோயாளிகளுக்கு அது போதும். உள்ளும் வெளியும் ஒரே புழுக்கமாக இருக்கும் சேலத்துச் சித்திரை இரவில், வேறுபாடு ஒரு டிகிரியாகச் சுருங்கும்போது, அதே திறப்புகள் இதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் தரும். இயற்கை இவ்வளவு தாராளமாக உதவ முன்வரும் அந்த நேரத்தில்தான் மலையிலுள்ளவர்கள் ஜன்னல்களைச் சாத்துகிறார்கள். குளிர் அப்படி, மேலும், உள்ளே வரும் காற்றைச் சூடேற்றாவிட்டால் அது வார்டிலிருந்து இரண்டு கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தைப் பறித்துச் செல்லும். முதிய நோயாளி நடுங்கிக்கொண்டிருக்கும்போது வழிகாட்டி நெறிமுறையைக் காட்டி ஜன்னலைத் திறக்கச் சொல்ல எந்தச் செவிலியருக்கும் மனம் வராது. இதற்குத் தீர்வு மேல் திறப்பை மூடாமல் விட்டுவிட்டு, கீழ்த் திறப்பின் அருகே சிறு வெப்பமூட்டியை வைப்பதில் இருக்கிறது. காற்று உண்மையிலேயே நகர்கிறதா என்பதை அறிய ஓர் ஊதுபத்தி போதும். கதவிடுக்கில் அதைப் பிடித்தால் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும்.

வார்டுக்கு இது பொருந்தும். அறுவை அரங்குக்குப் பொருந்தாது. அங்கே வடிகட்டிய காற்று வேண்டும், எனவே இயந்திரம் வேண்டும். மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியத்தின் நெறிமுறை, அறுவை அரங்கில் மணிக்குக் குறைந்தது 20 காற்று மாற்றங்களும், அவற்றுள் நான்கு மாற்றங்கள் வெளியிலிருந்து வரும் புதுக்காற்றாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டியும், ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி அறைக்காற்றையே சுழற்றுவதோடு, நுண்ணுயிர்கள் தங்கும் இடுக்குகளையும் கொண்டிருப்பதால் அரங்கில் அதைப் பயன்படுத்தவே கூடாது என்றும் அது கூறுகிறது. இந்தத் தேவைகளை நிறைவேற்றும் பெட்டியை மருத்துவமனை ஊழியர்கள் ஏ.எச்.யு. என்று சுருக்கமாக அழைக்கிறார்கள்: முன்வடிகட்டி, குளிர்ச்சுருள், ஊதுவிசிறி, அதன்பின் குழாய்; கடைசியாக, 0.3 மைக்ரான் துகள்களிலும் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டி.

குளிர்ச்சுருளுக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். காற்றோட்ட அமைப்பின் நுண்ணுயிரியல் முழுவதும் அந்தத் தட்டிலிருந்தே தொடங்குகிறது எனலாம். 35 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு பிற்பகலில், சேலத்தின் வெளிக்காற்றில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம் நீராவி இருக்கும். சுருளைக் கடந்து 12 டிகிரிக்குக் குளிரும்போது அதில் பாதி, ஈரத்துணியைப் பிழிந்தாற்போல, நீராக வடிந்துவிடுகிறது. நூறு கன மீட்டர் கொள்ளளவுள்ள அரங்குக்கு மணிக்கு 400 கன மீட்டர் புதுக்காற்று என்றால், மணிக்கு ஏறத்தாழ நான்கு லிட்டர் தண்ணீர் அந்தத் தட்டில் விழும். தட்டுக்குச் சரியான சாய்வு இருந்து, வடிகால் குழாயில் அடைப்பும் இல்லாவிட்டால் பிரச்சினை இல்லை. சாய்வு தவறினால், முன்வடிகட்டியிலிருந்து தப்பிய தூசி கலந்த தேக்கநீரில் சூடோமோனஸ் போன்ற பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான படலமாகப் படிந்துகொள்ளும். கிருமிநாசினி அதன் மேற்பரப்பைத்தான் தொடும். சுருளுக்குப் பின்னே குழாயின் உட்புறம் பஞ்சுபோன்ற காப்புப்பொருள் ஒட்டப்பட்டிருந்தால், தெறிக்கும் நீரை அது உறிஞ்சிவைத்துப் பூஞ்சைக்கு நிரந்தர வீடாகும்.

இவை ஏட்டளவிலான அச்சங்கள் அல்ல. 1985-இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில், குளிர்சாதன அமைப்பின் குளிர்விப்புக் கோபுரத்தில் பெருகிய லெஜியோனெல்லா பாக்டீரியா 28 பேரின் உயிரைப் பறித்தது. சியாட்டில் நகரின் குழந்தைகள் மருத்துவமனை, 2001 முதல் தன்னிடம் சிகிச்சை பெற்ற 14 பேருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் தொற்று ஏற்பட்டதையும், அவர்களுள் ஆறு பேர் இறந்ததையும், அரங்குகளின் காற்றுக் கையாளும் அமைப்போடு அதற்குத் தொடர்பு இருந்ததையும் 2019 நவம்பரில் ஒப்புக்கொண்டது. செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க ஒரு நகரத்தில், இரண்டு பத்தாண்டுகளை எட்டும் காலத்துக்கு அது நீடித்திருக்கிறது.

அவ்வளவு நாள் கண்டறியப்படாமல் இருப்பது எப்படி என்ற கேள்விக்கு, சோதனை முறையே ஒரு பகுதி விடை. தமிழக மருத்துவமனைகளில் பரவலாக வழங்குவது, ஊட்டப்பொருள் நிரப்பிய ஒன்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டை அரங்கில் ஒரு மணி நேரம் திறந்துவைத்து, பின்னர் ஆய்வகத்தில் அதன்மேல் வளரும் காலனிகளை எண்ணும் முறை. மூன்று மைக்ரான் வித்து நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் வேகத்தில்தான் கீழிறங்கும் என்பதால், அந்த ஒரு மணி நேரத்தில் தட்டு உண்மையில் சோதிப்பது ஏறத்தாழ ஏழு லிட்டர் காற்றைத்தான். கன மீட்டருக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு, 20 வித்துகள் இருக்கும் அரங்கிலும் ஏழு தட்டுகளில் ஒன்றில்தான் ஒரு காலனி தோன்றும். மற்ற ஆறிலும் ‘வளர்ச்சி இல்லை’ என்ற அறிக்கை வரும். தோல் செதில்களோடு உதிரும் கனமான பாக்டீரியாத் துகள்களுக்குத் தட்டு பயன்படும். வித்துகளைப் பொறுத்தவரை அது ஆறுதல் தரும் சடங்குக்கு மேல் எதுவும் இல்லை. நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்றை உறிஞ்சித் தட்டின் மீது மோதவைக்கும் கருவி, பத்தே நிமிடங்களில் அந்த ஆயிரம் லிட்டரையும் சோதித்துவிடும். வார இறுதியில் அரங்கை மூடி ஃபார்மலின் புகையிடும் பழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. புகை அரங்கின் பரப்புகளைத் தொடும், குளிர்ச்சுருளின் அடித்தட்டில் படிந்த படலத்தை ஊடுருவாது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது.

சமவெளிக்கு வகுத்த இந்த ஏற்பாட்டை ஏர்க்காட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனால், இயந்திரத்தின் கணக்கு மாறிவிடுகிறது. மெல்லிய மலைக்காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 15 விழுக்காடு அளவுக்குக் குறைவு என்பது சிறிய விஷயம். விசிறி தள்ளும் கன அளவு மாறாததால் கிருமிகள் நீர்த்துப்போகும் வேகம் அதனால் கெடுவதில்லை. பெரிய மாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. சமவெளியில் குளிர்விக்கும்போது காற்று தானாகவே உலர்ந்துவிடுகிறது. உலர்த்துவதற்கென்று யாரும் தனியே பணம் செலவழிப்பதில்லை. 16 டிகிரி மூடுபனிக் காற்றைக் குளிர்விக்க வேண்டிய தேவை குறைவு என்பதால், வெப்பநிலையை மட்டும் கவனிக்கும் தானியங்கிக் கட்டுப்பாடு குளிர்ச்சுருளை ஏறத்தாழ நிறுத்திவிடும். காற்று பிழியப்படாமலே உள்ளே செல்லும். அது 21 டிகிரிக்குச் சூடேறினால் ஈரப்பதம் 73 விழுக்காடு, நெறிமுறையின் வரம்புக்கு வெகு மேலே. வரம்புக்குள் கொண்டுவர வேண்டுமானால் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் காற்றை மேலும் 12 டிகிரிக்குக் குளிர்வித்து, நீரை வடித்துவிட்டு, மறுபடி 21 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். அப்போதுதான் ஈரப்பதம் 56 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். குளிரூரில் ஏசி எதற்கு என்று கேட்கும் கணக்கு அலுவலரிடம், ஏசியும் வேண்டும் ஹீட்டரும் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்று விளக்குவது கடினம்தான். கம்ப்ரசர் வெளியே கொட்டும் வெப்பத்தையே திருப்பிவிட்டுக் காற்றைச் சூடேற்றினால் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும்.

இரவுநேர விதி ஒன்று இங்கே நேர் எதிரான விளைவைத் தருகிறது. அறுவை நடைபெறாத நேரத்திலும் அரங்கின் ஊதுவிசிறி, வெப்பநிலைக் கட்டுப்பாடு இல்லாமலேனும், இருபத்துநான்கு மணி நேரமும் ஓட வேண்டும் என்பது நெறிமுறை. காற்று அழுத்தம் குறைந்து பக்கத்து அறைகளின் காற்று அரங்குக்குள் புகுந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். சமவெளியில் அது சரியான விதி. மலையில், கட்டுப்பாடின்றி ஓடும் அந்த விசிறி இரவு முழுவதும் மூடுபனியை உறிஞ்சி வடிகட்டிகளின் வழியே தள்ளும். உள்ளே 18 டிகிரி இருக்கும் அரங்கில் ஈரப்பதம் 90 விழுக்காட்டை நெருங்கிவிடும். ஹெப்பா வடிகட்டியின் மடிப்புகளிலும் அதற்கு முன்னுள்ள குழாய்ச் சுவரிலும் நிலைமை அதைவிட மோசம். ஓரிரவு ஈரத்தில் பூஞ்சை வளர்ந்துவிடாது. 80 விழுக்காட்டுக்கு மேல் பல நாட்கள் தொடர்ந்தால் தூசி படிந்த பரப்புகளில் அது முளைக்கத் தொடங்கும், ஐப்பசி கார்த்திகை மழையோ பல நாட்களை ஒருசேரத் தரக்கூடியது. எனவே மலை மருத்துவமனைகளில் இரவு விதியைத் திருத்திப் பொருத்த வேண்டும்: விசிறி ஓடட்டும், ஆனால் புதுக்காற்று வரும் வாயை அழுத்தம் குறையாத அளவுக்குச் சுருக்கி, சிறு வெப்பமூட்டியையோ சிலிக்கா ஜெல் உலர்த்தியையோ அதனோடு சேர்த்து ஓட்ட வேண்டும். ஈரமானியை வழக்கம்போல் அரங்கின் சுவரில் மாட்டாமல், குழாய்க்குள் வடிகட்டியின் முன்புறம் பொருத்தி, பகல் அளவோடு விடியற்காலை நான்கு மணி அளவையும் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும்.